பங்குச்சந்தையின் மாறிய பணி: இழப்புக்குப் பதில் சொல்வது யார்?

இந்தியாவில் டீமேட் கணக்குகளின் எண்ணிக்கை 2020 மார்ச்சில் சுமார் 4 கோடியாக இருந்தது. 2025 மார்ச்சில் அது 19 கோடியைக் கடந்தது. ஒருவரே பல கணக்குகளை வைத்திருப்பது உண்டு. எனினும், தேசியப் பங்குச்சந்தையில் பதிவு பெற்ற தனித்த முதலீட்டாளர்களின் எண்ணிக்கையே 2024 ஆகஸ்டில் 10 கோடியைத் தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் சில நகரங்களின் தரகர்களும் வணிகக் குடும்பங்களும் மட்டுமே அறிந்திருந்த பங்குச்சந்தை, இன்று கோடிக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு இருக்கும் இடமாகிவிட்டது.

சந்தையின் பணி இவ்வாறு மாறும்போது ஒரு பழைய கேள்வியின் எடை கூடுகிறது. முறைகேட்டால் பணம் பறிபோனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? கடந்த முப்பது ஆண்டு வரலாற்றில் இதற்கு இருவிதமான விடைகள் கிடைக்கின்றன. தவறு செய்ய இடம் தந்த நடைமுறையை அடைப்பதில் இந்தியா உலகின் முன்னணி நாடுகளில் ஒன்றாகியுள்ளது. தவறு செய்தவரை உரிய காலத்தில் பொறுப்பாக்குவதிலும், இழந்த பணத்தை முதலீட்டாளரிடம் திரும்பச் சேர்ப்பதிலும் அந்த வேகம் காணப்படவில்லை.

தரகர்களின் சங்கமாக இருந்த காலம்

மும்பையில் 1875-ல் பங்குத் தரகர்கள் கூடி அமைத்த சங்கமே இன்று பிஎஸ்இ எனப்படும் மும்பை பங்குச்சந்தை. 1956-ல் இயற்றப்பட்ட பங்கு ஒப்பந்த ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் 1957-ல் அதற்கு மத்திய அரசின் அங்கீகாரம் கிடைத்தது. அரசு அங்கீகரித்த பின்னரும் அது தரகர்களின் அமைப்பாகவே நீடித்தது. உறுப்பினர்கள், நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையினர், உறுப்பினர்மீது வந்த புகாரை விசாரித்தவர்கள் என எல்லாரும் பெரும்பாலும் தரகர்களே.

நிறுவனங்கள் திரட்டும் மூலதனமோ அரசின் பிடியில் இருந்தது. 1947-ஆம் ஆண்டின் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, ஒரு நிறுவனம் பங்கு வெளியிடலாமா, என்ன விலையில் வெளியிடலாம் என்பதை மத்திய அரசின் கட்டுப்பாட்டு அதிகாரி முடிவு செய்தார். 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தையொட்டி, பல பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் இந்தியக் கிளை நிறுவனங்களில் வைத்திருந்த பங்கை 40 சதவீதமாகக் குறைக்க நேர்ந்தது. அவை பொதுமக்களுக்குப் பங்குகளை விற்றன. 1977-ல் ரிலையன்ஸ் நிறுவனத்தின் பங்கு வெளியீடும் நடந்தது. நடுத்தரக் குடும்பங்கள் பங்குச்சந்தைக்குள் முதன்முறையாகக் கணிசமான அளவில் நுழைந்தது அந்தப் பத்தாண்டில்தான்.

அப்போது வர்த்தகம் சந்தைக் கூடத்தில் குரல் எழுப்பி விலை கூறும் முறையில் நடந்தது. தரகர் எந்த நேரத்தில், என்ன விலைக்குப் பங்கை வாங்கினார் என்பதை வாடிக்கையாளர் சரிபார்க்க வழியில்லை. பங்குகள் காகிதச் சான்றிதழ்களாக இருந்தன. கையெழுத்து பொருந்தாமை, போலிச் சான்றிதழ், தபாலில் தொலைதல் ஆகியவை அன்றாடப் புகார்கள். வாங்கிய பங்கு கைக்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். இவற்றை விசாரிப்பதற்காக 1988 ஏப்ரலில் இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியமான செபி அமைக்கப்பட்டது. ஆனால் முதல் நான்கு ஆண்டுகள் அதற்குச் சட்டப்பூர்வ அதிகாரம் எதுவும் இல்லை.

1992: வங்கிப் பணம் சந்தைக்குள் வந்த வழி

செபிக்கு 1992 ஜனவரி 30 அன்று அவசரச் சட்டத்தின் மூலம் அதிகாரம் வழங்கப்பட்டது. அதே ஆண்டு மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டது. விலையை அரசு முடிவு செய்யும் காலம் முடிந்தது. நிறுவனம் தகவல்களை வெளிப்படுத்த வேண்டும், முதலீட்டாளர் அவற்றைப் படித்து முடிவெடுக்க வேண்டும் என்ற காலம் தொடங்கியது. புதிய அமைப்பு கால் ஊன்றும் முன்னரே ஹர்ஷத் மேத்தா ஊழல் வெளிப்பட்டது.

வங்கிகள் குறுகிய காலத் தேவைக்காக அரசுக் கடன் பத்திரங்களை ஒன்றுக்கொன்று விற்று, பின்னர் திரும்ப வாங்குவது வழக்கம். பத்திரம் கைமாறுவதற்குப் பதிலாக, பத்திரம் தன்னிடம் உள்ளது என விற்கும் வங்கி எழுதிக் கொடுக்கும் வங்கி ரசீதே போதுமானதாகக் கருதப்பட்டது. இரண்டு வங்கிகளுக்கும் இடையே தரகர் நின்றார். வங்கியின் பெயரில் வரைந்த காசோலையே தரகரின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. கராட் வங்கி, மெட்ரோபாலிட்டன் கூட்டுறவு வங்கி போன்ற சிறிய வங்கிகள் பத்திரமே இல்லாமல் ரசீது கொடுத்தன. இவ்வாறு வெளியேறிய வங்கிப் பணம் பங்குகளில் பாய்ந்தது. 1992 தொடக்கத்தில் 2,000 புள்ளிகளை ஒட்டியிருந்த சென்செக்ஸ், ஏப்ரல் தொடக்கத்தில் 4,400 புள்ளிகளைத் தாண்டியது.

அந்த ஏப்ரலில் பத்திரிகையாளர் சுசேதா தலாலின் செய்தி மூலம் முறைகேடு வெளியே வந்தது. சந்தை சரிந்தது. ரிசர்வ் வங்கித் துணை ஆளுநர் ஆர். ஜானகிராமன் தலைமையிலான குழு, வங்கிகளுக்கு ஏற்பட்ட பற்றாக்குறையை ஏறத்தாழ ரூ.4,000 கோடி எனக் கணக்கிட்டது. நாடாளுமன்றக் கூட்டுக் குழு அமைக்கப்பட்டது. தனிச் சட்டம் இயற்றிச் சிறப்பு நீதிமன்றமும் நிறுவப்பட்டது. அந்த நீதிமன்றம் 1999-ல் ஒரு வழக்கில் மேத்தாவுக்குத் தண்டனை விதித்தது. 2001 டிசம்பர் 31 அன்று காவலில் இருந்தபோது அவர் இறந்தார். அவர்மீதான பல வழக்குகள் அப்போது முடிவடைந்திருக்கவில்லை.

நடைமுறையை மாற்றிய பத்தாண்டு

தனிநபர்கள்மீதான வழக்குகள் நீண்டுகொண்டிருந்தபோது, சந்தையின் நடைமுறைகள் விரைந்து மாறின. 1992-ல் தொடங்கப்பட்ட தேசியப் பங்குச்சந்தை, 1994-ல் கணினித் திரைவழி வர்த்தகத்தைக் கொண்டுவந்தது. சந்தைக் கூடத்தில் இல்லாதவரும் அதே நொடியில் அதே விலையைக் காண முடிந்தது. ஒவ்வோர் ஆணைக்கும் நேரம் பதிவானதால், தரகர் சொல்லும் விலையைச் சரிபார்க்கும் வசதி வாடிக்கையாளருக்குக் கிடைத்தது.

அடுத்து தீர்வுக் கழகம் வந்தது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் நின்று இரு தரப்புக்கும் அது உத்தரவாதம் அளிக்கிறது. ஒரு தரகர் பணம் கட்டத் தவறினாலும் எதிர்த்தரப்பு பாதிக்கப்படாது. 1996-ல் டெபாசிட்டரிகள் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டு இறுதியில் என்எஸ்டிஎல் பங்குகளை மின்னணு வடிவில் வைக்கத் தொடங்கியது. போலிச் சான்றிதழ் என்ற புகார் படிப்படியாக மறைந்தது. அரசுக் கடன் பத்திரச் சந்தையில், பத்திரத்தையும் பணத்தையும் ஒரே நேரத்தில் கைமாற்றும் முறை 1995-ல் வந்தது. மேத்தா பயன்படுத்திய இடைவெளி இதனால் பெரும்பாலும் அடைபட்டது.

இந்தச் சீர்திருத்தங்களுக்குப் பொதுவான ஓர் இயல்பு உண்டு. இவை தரகரின் நேர்மையை நம்பி அமைக்கப்படவில்லை. நேர்மையற்றவராக இருந்தாலும் அவரால் தவறு செய்ய இயலாதபடி நடைமுறையை அமைப்பதே இவற்றின் நோக்கம்.

2001: கேத்தன் பாரேக்கும் யூனிட் டிரஸ்டும்

எல்லா இடைவெளிகளும் அடைபடவில்லை என்பதை 2001-ஆம் ஆண்டு காட்டியது. தகவல் தொழில்நுட்ப, ஊடகப் பங்குகளின் விலையை உயர்த்துவதற்காகத் தரகர் கேத்தன் பாரேக் திரட்டிய பணத்தில் ஒரு பகுதி, அகமதாபாத்தின் மாதவபுரா மெர்க்கன்டைல் கூட்டுறவு வங்கியிலிருந்து வந்தது. விலை சரிந்தபோது அந்த வங்கி முடங்கியது. அதில் வைப்புத்தொகை வைத்திருந்தவர்களின் பணமும் மற்ற கூட்டுறவு வங்கிகளின் பணமும் சிக்கின. அதே மார்ச் மாதத்தில் கொல்கத்தா பங்குச்சந்தையில் தரகர்கள் பணம் கட்டத் தவறினர்.

பெருவாரியான குடும்பங்களைத் தொட்டது ஜூலையில் வந்த அறிவிப்புதான். யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா தனது யுஎஸ்-64 திட்டத்தில் யூனிட்டுகளை விற்பதையும் திரும்ப வாங்குவதையும் நிறுத்திவைத்தது. அரசின் பாதுகாப்பு உள்ளதென நம்பி, ஓய்வூதியர்களும் சம்பளக்காரர்களும் பல்லாண்டுகளாகப் பணம் போட்டுவந்த திட்டம் அது. இரண்டாவது நாடாளுமன்றக் கூட்டுக் குழு விசாரித்தது. யூனிட் டிரஸ்ட் பின்னர் இரண்டாகப் பிரிக்கப்பட்டது.

இம்முறையும் நடைமுறைதான் முதலில் மாறியது. பணம் கட்டாமலே வாங்கிய பங்கை அடுத்த தீர்வுக் காலத்துக்குத் தள்ளிப்போட உதவிய பத்லா முறை 2001 ஜூலையில் தடைசெய்யப்பட்டது. ஒவ்வொரு நாளின் வர்த்தகத்துக்கும் தனித்தனியே கணக்குத் தீர்க்கும் முறை நடைமுறைக்கு வந்தது. அந்தக் கால அளவு ஐந்து நாளிலிருந்து மூன்றாகவும், 2003-ல் இரண்டாகவும் குறைந்தது. 2023 ஜனவரி 27 முதல் அனைத்துப் பங்குகளுக்கும் டி+1 முறை, அதாவது மறுநாளே தீர்வு என்பது முழுமையாக அமலில் உள்ளது. அமெரிக்கச் சந்தைகள் இந்த நிலைக்கு வந்தது 2024 மே மாதத்தில்தான்.

பாரேக்கைச் சந்தையிலிருந்து 14 ஆண்டுகள் விலக்கி செபி 2003-ல் உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் மற்றொரு விவகாரத்தில் செபி இடைக்கால உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது. பெரிய முதலீட்டாளர் ஒருவரின் ஆணைகளை முன்கூட்டியே அறிந்து வர்த்தகம் செய்ததாக அதில் குற்றம் சாட்டப்பட்டவர்களுள் பாரேக்கின் பெயரும் இருந்தது.

சத்யம்: கணக்கேட்டின்மீது எழுந்த ஐயம்

2009 ஜனவரி 7 அன்று எழுந்த சிக்கல் வேறு வகையானது. வர்த்தக நடைமுறை சரியாகவே இயங்கியது; வர்த்தகமான பங்கின் பின்னிருந்த கணக்கு பொய்யானது. ரொக்கமாகவும் வங்கி இருப்பாகவும் காட்டப்பட்ட தொகையில் ரூ.5,040 கோடி உண்மையில் இல்லை எனச் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்குக் கடிதம் எழுதினார். அன்று ஒரே நாளில் அந்தப் பங்கு தன் மதிப்பில் முக்கால் பகுதிக்கு மேல் இழந்தது.

மதிப்புமிக்க சுயேச்சை இயக்குநர்களும், உலகப் புகழ்பெற்ற தணிக்கை நிறுவனமும் இருந்த நிறுவனம் அது. முந்தைய மாதம்தான், தலைவரின் குடும்பத்துக்குத் தொடர்புடைய மேத்தாஸ் நிறுவனங்களை வாங்க அதன் இயக்குநர் குழு ஒப்புதல் தந்திருந்தது. பங்குதாரர்களின் எதிர்ப்பால் அந்த முடிவு சில மணி நேரத்தில் கைவிடப்பட்டது. குழு தடுக்காததைச் சந்தை தடுத்தது.

மத்திய அரசு புதிய இயக்குநர் குழுவை நியமித்து, சில மாதங்களில் நிறுவனத்தை டெக் மஹிந்திராவிடம் ஒப்படைத்தது. ஊழியர்களின் வேலையும் வாடிக்கையாளர்களும் பெருமளவு காக்கப்பட்டனர். ராஜு உள்ளிட்டோருக்கு ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் 2015 ஏப்ரலில் தண்டனை விதித்தது. பிரைஸ் வாட்டர்ஹவுஸ் தணிக்கை நிறுவனங்களுக்கு 2018 ஜனவரியில் செபி விதித்த இரண்டு ஆண்டுத் தடையை, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2019-ல் ரத்து செய்தது.

இழப்பீட்டில் ஒரு முரண் வெளிப்பட்டது. சத்யம் பங்குகள் அமெரிக்கச் சந்தையிலும் பட்டியலிடப்பட்டிருந்ததால், அங்கு தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கைச் சத்யம் 12.5 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. தணிக்கை நிறுவனத் தரப்பும் தனியே ஒரு தொகை கொடுத்தது. அதே பங்கை மும்பையில் வாங்கிய இந்தியருக்கு அத்தகைய சட்டவழி அன்று இல்லை. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 245-ஆம் பிரிவின்கீழ் கூட்டு வழக்குக்கு இடமளித்தது. 100 பங்குதாரர்கள் சேர்ந்தால் தீர்ப்பாயத்தை நாடலாம். தணிக்கையாளரையும் அதில் பொறுப்பாக்க முடியும். தணிக்கை நிறுவனங்களைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதும் கட்டாயமாயிற்று. தணிக்கையாளர்களைக் கண்காணிக்கத் தேசிய நிதி அறிக்கை ஆணையம் 2018 அக்டோபரில் அமைக்கப்பட்டது.

சகாராவும் கார்வியும்: பணம் திரும்பும் வழி

சகாரா குழுமத்தின் இரண்டு நிறுவனங்கள், பங்குகளாக மாற்றத்தக்க கடன் பத்திரங்கள் மூலம் கோடிக்கணக்கானோரிடம் ரூ.24,000 கோடிக்கு மேல் திரட்டின. இது தனிப்பட்ட வட்டத்துக்குள் நடந்த வெளியீடு, செபியின் வரம்புக்கு உட்படாது என்பது அவற்றின் வாதம். ஐம்பது பேருக்கு மேற்பட்டோரிடம் பணம் கேட்டால் அது பொது வெளியீடே என 2012 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணத்தை 15 சதவீத வட்டியுடன் திருப்பித் தரவும் உத்தரவிட்டது.

தீர்ப்பு தெளிவாக இருந்தது. பணம் உரியவரைச் சென்று சேர்வது எளிதாக இல்லை. 2023 மார்ச் இறுதியில் இதற்கான சிறப்புக் கணக்கில் ரூ.25,000 கோடி அளவில் இருந்தது. அதுவரை முதலீட்டாளர்களுக்குத் திருப்பித் தரப்பட்டதோ ஏறத்தாழ ரூ.138 கோடி மட்டுமே. வந்த விண்ணப்பங்களே குறைவு. பின்னர், சகாராவின் கூட்டுறவுச் சங்கங்களில் பணம் போட்டவர்களுக்கு வழங்க, உச்ச நீதிமன்ற அனுமதியுடன் அந்தக் கணக்கிலிருந்து ரூ.5,000 கோடி ஒதுக்கப்பட்டது.

2019 நவம்பரில் வெளிவந்த கார்வி பங்குத் தரகு நிறுவன விவகாரத்தில் பணம் திரும்பிய வேகம் வேறுபட்டது. வாடிக்கையாளர்கள் கொடுத்திருந்த அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு, அவர்களின் பங்குகளைத் தன் கணக்குக்கு மாற்றி வங்கிகளிடம் அடமானம் வைத்து நிறுவனம் கடன் பெற்றது எனச் செபி கண்டறிந்தது. எந்தப் பங்கு யாருடையது என்பது மின்னணுப் பதிவில் இருந்ததால், சில நாட்களில் 80,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு அவர்களின் பங்குகள் திருப்பிச் சேர்க்கப்பட்டன. 2020 செப்டம்பர் முதல், பங்கை அடமானம் வைக்க வேண்டுமானால் அது வாடிக்கையாளரின் கணக்கிலேயே இருக்க வேண்டும், அவரது கைபேசிக்கு வரும் கடவு எண்ணால் அவரே ஒப்புதல் தர வேண்டும் என்ற முறை வந்தது.

பணம் யாருடையது என்ற பதிவு தெளிவாக இருந்த இடத்தில் மீட்பு நாட்களில் நடந்தது. பதிவு கலங்கிய இடத்தில் ஆண்டுகள் கழிந்தன. இரண்டு விவகாரங்களும் அருகருகே வைத்துப் பார்க்கத் தக்கவை.

சந்தையின் பணி மாறியது எவ்வாறு?

தொழில் தொடங்கவோ விரிவாக்கவோ தேவைப்படும் மூலதனத்தைப் பொதுமக்களிடம் திரட்டித் தருவதே பங்குச்சந்தையின் அடிப்படைப் பணி எனப் பாடநூல்கள் கூறுகின்றன. அந்தப் பணி தொடர்கிறது. ஆனால் அதனுடன் வேறு மூன்று பணிகள் சேர்ந்துள்ளன.

முதலாவது, ஏற்கெனவே முதலீடு செய்தவர் வெளியேறும் வாயிலாகச் சந்தை மாறியிருப்பது. 2022 மே மாதம் எல்ஐசி பங்கு வெளியீட்டில் திரட்டப்பட்ட ஏறத்தாழ ரூ.20,500 கோடி முழுவதும் மத்திய அரசுக்குச் சென்றது. 2024 அக்டோபரில் ஹூண்டாய் மோட்டார் இந்தியா வெளியிட்ட ரூ.27,870 கோடி மதிப்பிலான பங்குகளும் தாய் நிறுவனம் விற்ற பங்குகளே. இவ்வகை வெளியீடு சட்டத்துக்கு உட்பட்டது. ஆயினும் அதில் பொதுமக்கள் செலுத்தும் பணம் புதிய ஆலைக்கோ இயந்திரத்துக்கோ செல்வதில்லை, விற்பவரைச் சேர்கிறது. பங்கு வெளியீட்டு ஆவணத்தில் ‘வெளியீட்டின் நோக்கம்’ என்ற பகுதி முதலில் படிக்க வேண்டிய பகுதியாக இருப்பது இதனால்தான்.

இரண்டாவது, குடும்பச் சேமிப்பு. எஸ்ஐபி எனப்படும் மாதாந்திர முறையில் பரஸ்பர நிதிகளுக்கு வரும் தொகை 2024 ஏப்ரலில் முதன்முறையாக ரூ.20,000 கோடியைத் தாண்டியது. அந்த ஆண்டு இறுதியில் ரூ.26,000 கோடியை எட்டியது. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பு 2015 ஆகஸ்ட் முதல், புதிதாக வரும் தொகையில் ஒரு பகுதியைப் பங்குக் குறியீட்டு நிதிகளில் போடுகிறது. முதலில் 5 சதவீதமாக இருந்த அந்த அளவு பின்னர் 15 சதவீதமாக உயர்த்தப்பட்டது. டீமேட் கணக்கே தொடங்காத ஆலைத் தொழிலாளியின் ஓய்வுக்காலப் பணத்திலும் ஒரு பங்கு சந்தையில் இருக்கிறது.

மூன்றாவது, ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனப்படும் முன்பேர வர்த்தகம். விலை ஏற்ற இறக்கத்திலிருந்து பங்குதாரர் தம்மைக் காத்துக்கொள்வதற்கான கருவியாகவே 2000-ல் குறியீட்டு ஃபியூச்சர்ஸ் அறிமுகமானது. வாரந்தோறும் முடிவடையும் ஒப்பந்தங்களும் கைபேசிச் செயலிகளும் வந்த பிறகு, அது பெருந்திரளானோரின் குறுகிய கால ஊகமாக மாறியது.

முறைகேடு இன்றியும் இழப்பு

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் முன்பேர வர்த்தகத்தில் ஈடுபட்ட ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணம் இழந்தனர். அவர்களின் மொத்த இழப்பு ரூ.1.8 லட்சம் கோடிக்கு மேல். நான்கில் மூன்று பேர் தங்கள் ஆண்டு வருமானம் ரூ.5 லட்சத்துக்குக் குறைவு எனத் தெரிவித்திருந்தவர்கள். 2024-25-ல் மட்டும் இழப்பு ரூ.1.05 லட்சம் கோடியைத் தாண்டியது என 2025 ஜூலையில் வெளியான ஆய்வு தெரிவித்தது.

இந்த இழப்பின் பெரும்பகுதிக்குக் குற்றவாளி என எவரையும் சுட்ட முடியாது. வர்த்தகர் தாமே ஒப்பந்தத்தை வாங்கினார், விலையும் வெளிப்படையாகவே இருந்தது. ஆனால் எதிர்ப்பக்கம் நின்று லாபம் ஈட்டியவர்கள் பெரும்பாலும் கணினி நிரல்வழி வர்த்தகம் செய்யும் பெரிய நிறுவனங்களும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும் என்பதை அதே ஆய்வு காட்டியது. மூன்று ஆண்டுகளில் தனிநபர்கள் ஏறத்தாழ ரூ.50,000 கோடியைப் பரிவர்த்தனைச் செலவாகச் செலுத்தினர். அதில் பாதியளவு தரகர்களுக்கும், ஐந்தில் ஒரு பங்கு பங்குச்சந்தைகளுக்கும் சென்றது. வர்த்தகர் தோற்றாலும் வென்றாலும் இடையில் நிற்பவரின் வருவாய் குறைவதில்லை.

இதையொட்டி 2024 அக்டோபரில் செபி புதிய விதிகளை அறிவித்தது. ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பு ரூ.15 லட்சமாக உயர்ந்தது. ஒவ்வொரு பங்குச்சந்தையும் ஒரே ஒரு குறியீட்டுக்கு மட்டுமே வாராந்திர ஒப்பந்தம் நடத்தலாம் என வரையறுக்கப்பட்டது. 2025 ஜூலை 3 அன்று, ஒப்பந்தம் முடியும் நாட்களில் குறியீட்டின் விலையைத் தனக்குச் சாதகமாக நகர்த்தியதாக அமெரிக்காவின் ஜேன் ஸ்ட்ரீட் குழுமத்தின்மீது குற்றம் சாட்டிய செபி, ரூ.4,843 கோடியை முடக்கி இடைக்கால உத்தரவிட்டது. குற்றச்சாட்டை மறுத்த அந்தக் குழுமம் தொகையைச் செலுத்திவிட்டு மேல்முறையீடு செய்தது.

காவலரைக் காப்பவர் யார்?

சத்யத்துக்கு முன்னரே பங்குச்சந்தைகளின் அமைப்பு மாறத் தொடங்கியிருந்தது. உரிமையையும் வர்த்தகத்தையும் பிரிக்கும் திருத்தம் 2004-ல் வந்தது. 2005-ல் பிஎஸ்இ தரகர் சங்கத்திலிருந்து நிறுவனமாக மாறியது. 2017-ல் அதன் பங்குகள் தேசியப் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டன. தரகர்களே தரகர்களை விசாரிக்கும் நிலை இதனால் நீங்கியது. பங்குதாரர்களுக்கு லாபம் காட்ட வேண்டிய நிறுவனமே, தனக்கு வருவாய் தரும் வர்த்தகத்தைக் கண்காணிக்க வேண்டும் என்ற புதிய முரண் அதன் இடத்தில் வந்தது.

தேசியப் பங்குச்சந்தையின் சர்வர்களை அணுகுவதில் சில தரகர்களுக்கு முன்னுரிமை கிடைத்ததா என்ற விவகாரம் இதற்கு எடுத்துக்காட்டு. 2019 ஏப்ரலில் ரூ.624.89 கோடியை வட்டியுடன் செலுத்துமாறு செபி உத்தரவிட்டது. 2023 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்து, உரிய கவனம் செலுத்தாமைக்காக ரூ.100 கோடி செலுத்தப் பணித்தது.

செபியின் உத்தரவுகளை எதிர்த்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும், அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் செல்லலாம். செபியின் ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகிறது. விதிகளை இயற்றுவது, விசாரிப்பது, தீர்ப்பு கூறுவது ஆகிய மூன்றையும் ஒரே அமைப்பு செய்வதால் அதன் அதிகாரிகளின் நலன் முரண்பாடு தனிக் கேள்வியாகிறது. செபியின் உறுப்பினர்களும் அதிகாரிகளும் தங்கள் சொத்துகளையும் நலன்களையும் வெளிப்படுத்தும் விதிகளை ஆராய, முன்னாள் தலைமை ஊழல் கண்காணிப்பு ஆணையர் பிரத்யூஷ் சின்ஹா தலைமையில் 2025-ல் உயர்நிலைக் குழு அமைக்கப்பட்டது.

முதலீட்டாளருக்கு உள்ள வழிகள்

பட்டியலிடப்பட்ட நிறுவனம், தரகர், பரஸ்பர நிதி ஆகியோர்மீதான புகாரை முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் தர வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் இணையதளத்தில் பதியலாம். 2011-ல் தொடங்கி 2024-ல் புதுப்பிக்கப்பட்ட இத்தளத்தில், புகாருக்கு 21 நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். அதிலும் நிறைவு இல்லையென்றால், 2023-ல் தொடங்கப்பட்ட இணையவழிச் சமரச, நடுவர் தீர்வு முறையை நாடலாம்.

தரகர் தரும் கணக்கு அறிக்கையுடன் நில்லாமல், டெபாசிட்டரி நேரடியாக அனுப்பும் கணக்கு அறிக்கையையும் ஒப்பிடுவது முதலீட்டாளர் தாமே செய்யக்கூடிய தணிக்கை. இரண்டும் பொருந்தாவிட்டால் புகாருக்கு அதுவே முதல் ஆவணம்.

இன்னும் கடக்க வேண்டிய தொலைவு

ஒரு பங்கை விற்றவருக்கு மறுநாளே பணம் வந்து சேரும் சந்தையில், கணக்கேட்டைத் திருத்தியவருக்குத் தண்டனை கிடைக்க ஆறு ஆண்டுகள் ஆயின. வங்கிப் பணத்தைத் திசைதிருப்பியவர் வழக்குகள் முடியும் முன்பே மறைந்தார். திருப்பித் தர உத்தரவான பணம் பதினோர் ஆண்டுகளுக்குப் பிறகும் உரியவரைத் தேடிக்கொண்டிருந்தது. வர்த்தகத்தின் வேகமும் பொறுப்புக்கூறலின் வேகமும் ஒன்றாகவில்லை.

சந்தை ஒரு சிலரின் களமாக இருந்தபோது இந்தத் தாமதத்தின் விலையைச் சிலரே கொடுத்தனர். இன்று அதை மாதச் சம்பளக்காரரின் எஸ்ஐபி தவணையும் தொழிலாளியின் வருங்கால வைப்பு நிதியும் கொடுக்க நேரிடும். அடுத்த முறைகேடு நிகழ்ந்த பின் புதிய விதி வருவது ஏறத்தாழ உறுதி. அந்த விதியுடன், இழந்தவருக்குப் பணமும் எவ்வளவு நாட்களில் திரும்பும் என்பதே பொறுப்புக்கூறலின் உண்மையான அளவுகோல்.